மயில்கழுத்து நிறத்தில் ஒரு ரூபாய்

எங்கள் சொந்தத்தில் யாராவது சொத்தைக் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டால், "இன்னா, உங்க மாமா கண்ண இரவல் வாங்கினு போனியா?" என்று கேட்பார்கள். சாயம் போகிற துணி எடுத்தாலும் அதே கேள்விதான். கேட்டுவிட்டு எல்லாரும் சிரிப்பார்கள், மாமாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். சித்தப்பா பிள்ளைகளில் தொடங்கி தெருக்கோடி டீக்கடைக்காரர் வரை எல்லார் வாயிலும் புழங்கிய கேலி அது. நானும் பல வருஷம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். அப்பாவும் அம்மாவும் அத்தையும் மட்டும் ஒரு தடவைகூட அதைச் சொன்னதில்லை. அவர்களுக்கு நகைச்சுவை போதாது என்று நினைத்திருந்தேன்.

மாமா என்றால் என் அம்மாவின் ஒரே தம்பி. நாங்கள் ஆரணிக்குப் பக்கத்தில் சேவூரில் குடியிருந்தோம். அப்பா பட்டுத் தறி நெய்தார். வீட்டின் நடு அறை தறிக்குச் சொந்தம், மிச்சம் இருந்த இடம் எங்களுக்கு. மாமாவுக்குத் தறியில் உட்கார உடம்பு வணங்கவில்லை. ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்து தரும் கடை வைத்திருந்தார். ஆள் உள்ளே போனால் காற்று வெளியே வரவேண்டும், அவ்வளவு சின்னக் கடை. அதற்குள் உட்கார்ந்துகொண்டு அவர் கண்ட கனவெல்லாம் பழைய நாணயங்களைப் பற்றியது.

இந்தப் பைத்தியம் அவருக்கு எப்படிப் பிடித்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. பக்கத்து பிரவுசிங் சென்டரில் சும்மா உட்கார்ந்த நேரத்தில் பிடித்தது என்று அத்தை சொல்வாள். அத்தை என்றால் மாமாவின் மனைவி. நாணயங்களிலும் மாமாவுக்கு வேண்டியது ஒரே ஒரு வகை. வெள்ளி ரூபாய் பழசானால் கறுக்கும், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் எங்கேயோ ஒன்றிரண்டு, காற்றும் துணியும் காகிதமும் சரியாக அமைந்துவிட்டால், கறுப்பதற்கு முன்னால் நிறம் எடுக்குமாம். ஓரத்தில் வைக்கோல் மஞ்சள், அதற்கு உள்ளே செம்பு, அப்புறம் கத்தரிப்பூ, அப்புறம் நீலம். சாய்த்துப் பார்த்தால் ஒரு நிறம், நிமிர்த்திப் பார்த்தால் ஒரு நிறம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். நெடுக்கில் பாவு ஒரு நிறம், குறுக்கில் ஊடை ஒரு நிறம் வைத்து நெய்த மயில்கழுத்துப் புடவையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல என்றால் போதும்.

அப்படி இயற்கையாக நிறம் எடுத்த ரூபாய்க்குச் சேகரிப்பவர்கள் கேட்ட விலை கொடுப்பார்கள். கேட்ட விலை கிடைக்கும் என்று தெரிந்தால் ஏமாற்றுக்காரன் சும்மா இருப்பானா? சூடு காட்டியும் மருந்து தடவியும் ஒரே நாளில் நிறம் ஏற்றி விற்கிறவர்களும் உண்டு. எது தானாக வந்த நிறம், எது வரவழைத்த நிறம் என்று கண்டுபிடிப்பதுதான் மொத்த வித்தையும். அந்த வித்தை தனக்குக் கைவந்துவிட்டது என்று மாமா நம்பினார்.

நம்பியவர் சென்னையில் நடந்த ஒரு நாணயக் கண்காட்சிக்குப் போனார். போகும்போது அத்தையின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடையில் இருந்தது. வரும்போது மாமாவின் சட்டைப் பையில், பஞ்சுக்குள் பொதிந்து, ராஜா தலை போட்ட ஒரு ரூபாய் இருந்தது. பஞ்சுமிட்டாய் ரோஸும் ஸ்கூல் பெயிண்ட் டப்பா நீலமுமாக ஜொலித்தது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. அடுத்த வாரம் வேலூரில் நாணய வியாபாரம் செய்கிற ஒருவரிடம் அதைக் காட்டியபோது, அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தம்பி, இத கைல வச்சுகினு தூங்காதீங்க, விரல்ல ஒட்டிக்கப் போவுது" என்றாராம்.

அத்தை சத்தம் போடவில்லை. கைக்குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு பையில் துணிகளைத் திணித்து, தேவிகாபுரத்தில் இருந்த தன் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். "சங்கிலி கழுத்துக்கு வந்தா நான் வூட்டுக்கு வரேன்" என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். சத்தம் போட்டிருந்தால் சாயங்காலத்துக்குள் ஆறியிருப்பாள் என்று அப்பா வருத்தப்பட்டார்.

அதிலிருந்து மாமாவுக்கு மூன்று வேளையும் எங்கள் வீட்டில்தான் சோறு. சாப்பிட உட்காருவார், குழந்தையின் பேரைச் சொல்வார், சோறு இறங்காமல் தட்டைப் பார்ப்பார். அம்மா இன்னொரு கரண்டி ரசம் ஊற்றுவாள். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் மனுஷர் பாடம் கற்றுக்கொண்டாரா என்றால் இல்லை. போலியைப் பார்த்து ஏமாந்தோம், அதனால் போலியை நாமே செய்து பார்த்தால் அடுத்த முறை ஏமாறமாட்டோம் என்று கிளம்பினார்.

அதற்கு வேண்டிய சாமான் அவித்த முட்டை. முட்டையை இரண்டாக அறுத்து, மூடி இறுக்கமான டப்பாவில் வெள்ளிக் காசோடு வைத்துவிட்டால், அந்த ஆவி பட்டுக் காசு நிறம் மாறும். டப்பாவுக்கு என் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டார். காசுக்கு எங்கள் சாமி மாடத்தில் இருந்த லட்சுமி ரூபாயை எடுத்துக்கொண்டார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் நான் எலுமிச்சை சாதத்தைத் திறந்தபோது என்னைச் சுற்றி இருந்தவர்கள் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்கள். வீட்டுக்கு வந்தால் அங்கே அதைவிடப் பெரிய ரகளை.

"சாமி ரூபாய போயி முட்டையோட வச்சியேடா, உனுக்கு அறிவு கீதா?" அம்மா கையில் ரூபாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாடத்து லட்சுமி ஒரு பக்கம் ஊதாவும் ஒரு பக்கம் மஞ்சளுமாக மாறியிருந்தாள்.

"தேய்ச்சா போயிடும்க்கா."

"தேய்க்கறது யாரு, நீயா?"

தேய்த்தது அம்மாதான். வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் உள்ள வெள்ளியையெல்லாம் எடுத்து, விபூதி போட்டு, துணியால் தேய்த்து, பளபளவென்று வெளுப்பாக்கி மறுநாள் பூஜைக்கு வைப்பாள். எங்கள் வீடு என்று இல்லை, எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். குங்குமச்சிமிழ், விளக்கு, கலசத்தில் போடுகிற ரூபாய் எதுவும் தப்பாது. மாமாவுக்கு வயிற்றெரிச்சலே இதுதான். அவர் எந்த வீட்டில் பழைய ரூபாய் கேட்டு வாங்கிப் பார்த்தாலும் தலைமுறை தலைமுறையாக விபூதி தின்ற ரூபாயாகத்தான் இருக்கும். "ராஜாவுக்கு மூக்கே இல்ல பாப்பா, காதும் போயிடுச்சு. இந்த ஊர்ல நெறம் எடுத்த வெள்ளி எங்க கெடைக்கும்?" என்று என்னிடம் புலம்புவார். கேட்பதற்கு அவருக்கு வேறு ஆள் இல்லை.

அப்படியே கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் தெரிந்துபோயிற்று. முட்டையில் வந்த நிறம் வரிசை தப்பி வரும், மஞ்சளுக்குப் பக்கத்திலேயே திடுக்கென்று நீலம் நிற்கும், எழுத்தின் மேலும் பள்ளத்திலும் ஒரே மாதிரி பூசினாற்போல இருக்கும். தானாக வந்தது ஓரத்திலிருந்து உள்ளே ஒவ்வொரு நிறமாக மெதுவாக ஏறும். ராஜாவின் தாடிக்குள், எழுத்துகளின் இடுக்கில், காற்று படாத இடத்தில் வெள்ளை மிச்சம் இருக்கும். முக்கியமாக, நிறத்துக்கு அடியில் வெள்ளியின் மினுக்கு சாகாமல் இருக்கும். இவ்வளவையும் ஒரு குட்டிக் கண்ணாடி வழியாகப் பார்ப்பார். அது சேலை வியாபாரிகள் இழை எண்ணுவதற்கு வைத்திருக்கும் கண்ணாடி, அப்பா எங்கிருந்தோ வாங்கிக்கொடுத்தது.

பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் எனக்கு ராணி வேஷம் வந்தது. ராணிக்கு ஜரிகை வேண்டும். அம்மாவும் அப்பாவும் நெய்து முடித்த சேலையைக் கொடுக்க முதலாளி வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில், நான் அம்மாவின் ட்ரங்குப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு புடவையாக எடுத்துப் போட்டேன். அடியில், கல்யாணப் புடவைக்கும் கீழே, ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருந்தது. அவிழ்த்தேன். உள்ளே மெல்லிய வெள்ளைத் துணியில் ஒரு சின்னஞ்சிறு சட்டை. கை என் விரல் நீளம்கூட இல்லை. முன்பக்கம் பொத்தானுக்குப் பதிலாக நீல நாடா. பொம்மைச் சட்டை என்று சந்தோஷப்பட்டேன். அதை உதறியபோது உள்ளே இருந்து ஒரு ரூபாய் விழுந்து உருண்டது.

அதைக் கையில் எடுத்ததும் சட்டை, ராணி வேஷம் எல்லாம் மறந்துபோயிற்று. ஓரத்தில் மஞ்சள், அப்புறம் செம்பு, அப்புறம் கத்தரிப்பூ, நடுவில் மயில்கழுத்து. வரிசை தப்பவில்லை. துணிகளை அப்படியே போட்டுவிட்டு ரூபாயோடு ஓடினேன். மாமா தறிக்குப் பக்கத்தில் பாயில் படுத்திருந்தார்.

அவர் அதை வாசலுக்குக் கொண்டுபோனார். வெயிலில் சாய்த்தார், நிமிர்த்தினார். இழைக் கண்ணாடியை வைத்துக் குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை. கடைசியில் என்னைக் கூப்பிட்டுக் கண்ணாடியை என் கண்ணில் வைத்தார். ராஜாவின் கன்னத்தில், நீலத்துக்குள், குறுக்கும் நெடுக்குமாகப் பொடிப் பொடிக் கோடுகள் தெரிந்தன.

"இன்னா தெரியுது?"

"துணி மாரி கீது மாமா."

"துணியேதான். துணி அச்சு. வருஷக்கணக்கா ஒரே துணில, அசையாம, இறுக்கி சுத்தி இருந்தாதான் இது வுழும். எந்த முட்டையாலயும் முடியாது பாப்பா. இது ஒரிஜினல்." ரூபாயை உள்ளங்கையில் மூடிக்கொண்டார். "உங்க அத்த வந்துடுவா. அடகுல கீற சங்கிலிய மூட்டுட்டு மிச்சத்துல உனுக்கு சைக்கிள்."

அம்மாவும் அப்பாவும் திரும்பி வந்தபோது மாமா வாசலிலேயே நின்றார். கையை விரித்து ரூபாயைக் காட்டினார். அம்மா செருப்பைக் கழற்றியவள் அப்படியே நின்றாள். என்னைப் பார்த்தாள், உள்ளே திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள். அப்பா, "ஏய், அது…" என்று ஆரம்பித்தார்.

"நீங்க கம்முனு இருங்க" என்றாள் அம்மா. பிறகு தம்பியிடம், "எங்கம்மா குடுத்த ரூபாதான்டா. சும்மாதான கெடக்குது. நீ எடுத்துக்கோ. அவள போயி ஜல்தியா கூட்டினு வா" என்றாள்.

சொல்லிவிட்டு உள்ளே போய், தரையில் கிடந்த மஞ்சள் துணியையும் சட்டையையும் எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்து மூடினாள். மாமா அதைப் பார்க்கவில்லை. அவர் ஏற்கெனவே வேலூருக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வேலூர்க்காரர் பைக்கில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை போட்ட, அவசரப்படாத ஆள். அம்மா கொடுத்த காபியைத் தொடாமல் நாணயத்தை வாங்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். மாமா அவருக்குப் பின்னாலேயே போய், ரிசல்ட் பார்க்க வந்த பையன்போல நின்றார். உள்ளே அப்பா தறியில் இருந்தார். தறிச் சத்தம் வழக்கத்தைவிடக் குறைவாகக் கேட்டது.

"கலர் ஒழுங்காதான் ஏறி இருக்குது" என்றார் அவர் கடைசியில். "மூக்கு முழி எல்லாம் அப்படியே கீது. ஆனா ஒண்ணு எனக்கு இடிக்குது. இந்தப் பக்கம் எத்தினி வூட்டுக்குப் போயிருக்கேன். வூட்ல வெள்ளிய வச்சுகினு தேய்க்காம வுட்டவங்கள நான் பாத்ததே இல்ல. இத மட்டும் ஏன் தேய்க்கல?"

மாமா அம்மாவைப் பார்த்தார். இந்தக் கேள்வி அவருக்குத் தோன்றியிருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"பொட்டில இருந்துச்சுங்க" என்றாள் அம்மா.

"எதுல சுத்தி வச்சிருந்தீங்க?"

"துணில."

"அந்தத் துணி இருந்தா கொண்டாங்க. அச்சு ஒத்துப்போச்சுன்னா அப்புறம் எனக்கு பேச்சே இல்ல. கேக்கற வெலைய குடுத்துட்டு எடுத்துனு போறேன்."

அம்மா உள்ளே போனாள். திரும்ப வர நேரம் பிடித்தது. மஞ்சள் துணியைக் கொண்டுவந்து ஸ்டூலின் மேல் வைத்தாள். வேலூர்க்காரர் அதன் மேல் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "இது இல்லமா. இது முரட்டுத் துணி. ரூபால கீற அச்சு மெல்லிசு. உள்ள வேற ஒண்ணு இருந்திருக்கணும்."

அம்மா இன்னொரு முறை உள்ளே போனாள். இந்தத் தடவை வரும்போது துணி கையில் இருப்பதே தெரியவில்லை. உள்ளங்கைக்குள் அடங்கியிருந்தது. ஸ்டூலில் வைத்து, சுருக்கம் நீவி, நாடா இரண்டையும் நேராக எடுத்துவிட்டாள். தறிச் சத்தம் நின்றது.

வேலூர்க்காரர் குனிவதற்குள் மாமா, "இருங்க, நான் பாக்கறேன்" என்று கண்ணாடியோடு முன்னால் வந்தார். சட்டையைத் தொட்டவர் நாடாவைப் பார்த்தார். கண்ணாடியை அதன் மேல் வைக்கவே இல்லை. கை அந்தரத்தில் நின்றது.

"அக்கா" என்றார்.

"பாரு. பாத்துட்டு குடு" என்றாள் அம்மா. அவள் குரலில் கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா நிமிர்ந்தார். வேலூர்க்காரரின் கையில் இருந்த ரூபாயை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"சார், மன்னிச்சுக்கங்க. இது டூப்ளிகேட்டு. நான்தான் பண்ணேன்."

"இன்னாது?"

"முட்ட வச்சு பண்ணேன் சார். துணில சுத்தி, முட்டையோட டப்பால வச்சேன். அதான் அச்சு வுழுந்துச்சு. எங்க அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது."

எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. "பொய் சொல்றாரு!" என்று கத்தினேன். "பொட்டில இருந்து நான்தான் எடுத்தேன்!"

"நான்தான் பொட்டில கொண்டுபோயி வச்சேன் பாப்பா" என்றார் மாமா என்னைப் பார்க்காமல். பிறகு சமையலறைக்குப் போய் என் டிபன் பாக்ஸை எடுத்துவந்து, மூடியைத் திறந்து வேலூர்க்காரரின் மூக்குக்கு நேராக நீட்டினார். எத்தனை முறை கழுவியும் போகாத நாற்றம் அது. நல்ல சாட்சி.

வேலூர்க்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அன்னிக்கு உன்ன ஏமாத்துனாங்கன்னு பாவப்பட்டேன். நீயே இந்த வேல பண்றியா? பொம்பளைங்கள நடுவுல வச்சுகினு, குழந்த சட்டைய காட்டினு. இனிமே எனக்கு போன் கீன் பண்ணாத தம்பி" என்றார். ஆறிப்போன காபியை, வீட்டுக்காரிக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று நின்றபடியே குடித்துவிட்டுப் பைக்கை உதைத்தார். வாசலில் அதற்குள் நாலு பேர் கூடியிருந்தார்கள். மாமா கண்ணு என்கிற கேலி அன்றைக்குத்தான் எங்கள் தெருவில் பிறந்தது. போலி வாங்கி ஏமாந்தவன், போலி செய்யவும் தெரியாமல் மாட்டிக்கொண்டான் என்று பேச்சு. நாணயக்காரர்கள் யாரும் அதற்கப்புறம் மாமாவைக் கூப்பிடவில்லை, மாமாவும் கண்ணாடியை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று மாமா எங்கள் வீட்டில் இருந்து போகப் பார்த்தார். "துன்னுட்டு போ" என்றாள் அம்மா. அவர் உட்கார்ந்தார். சோறு போட்டபோது அம்மாவின் கை அவர் தலையில் ஒரு நிமிஷம் இருந்ததைப் பார்த்தேன். அப்பாவும் தறியிலிருந்து எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஊரை ஏமாற்றப் பார்த்த மனுஷருக்கு இவ்வளவு உபசாரமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. என் சைக்கிளைப் பற்றி யாருமே பேசவில்லை.

போன ஆடியில் என் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. நான் இப்போது வேலூரில் இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகும் காய்ச்சல் இறங்காமல் பயமுறுத்தியது. ஆரணியிலிருந்து பஸ் பிடித்து வந்த அம்மா, கட்டில் பக்கத்தில் நின்றபடியே பையிலிருந்து மஞ்சள் துணியையும் ஒரு வெள்ளிக் காசையும் எடுத்து, குழந்தையின் தலையைச் சுற்றி, முடிச்சுப் போட்டுக் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டாள். பிழைத்தால் முடிச்சைக் கொண்டுபோய் உண்டியலில் போடவேண்டும். எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். மகள் பிழைத்தாள், போட்டுவிட்டு வந்தோம். கோவிலிலிருந்து திரும்பும்போதுதான் நான் கேட்டேன். பெட்டியில் இருக்கிற அந்த முடிச்சை ஏன் இன்னும் போடவில்லை என்று.

"அது உனுக்கு மூத்தவனுக்கு முடிஞ்சது" என்றாள் அம்மா. "பேர் வச்ச அன்னிக்கு உங்க மாமா எடுத்தாந்த சட்ட. அப்ப அவன் ஸ்கூல் படிச்சுகினு இருந்தான். தாய்மாமன் நான்தான் எடுக்கணும்னு தனியா கடைக்கு போயி வாங்கினு வந்தான். அத போட்டு ஒரு வாரம்கூட ஆவல. காய்ச்சல் வந்துது. முடிஞ்சு வச்சேன். புள்ள நிக்கல."

கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "குடுக்காத சாமிக்கு எப்படி போடறது? அவுத்து செலவு பண்ணவும் மனசு வரல. சட்டைல சுத்தி வச்சுட்டேன்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். மிச்சத்தை நானே கூட்டிக்கொண்டேன். தேய்க்காமல் விட்ட வெள்ளி எங்கள் ஊரில் ஏன் இருக்கும் என்று வேலூர்க்காரர் கேட்ட கேள்விக்குப் பதில் அந்தச் சட்டையில் இருந்தது. தான் வாங்கிவந்த நாடாவை மாமா அடையாளம் கண்டுகொண்டார். தம்பி குடும்பம் சேரட்டும் என்று அதைக்கூட அம்மா எடுத்துக் கொடுத்தாள். மாமா எடுக்கவில்லை. அத்தையின் சங்கிலி, தன் பேர், நிஜமான நாணயத்தைத் தன் கண்ணால் கண்டுபிடித்த பெருமை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அக்காவின் ரூபாயைப் போலி என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அவர் வாழ்க்கையில் சரியாகப் பார்த்துச் சொன்ன ஒரே நாணயம் அதுதான். அந்த மனுஷரைத்தான் கத்தரிக்காய்க்கெல்லாம் இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

வேலூர்க்காரர் வந்துபோன மறுநாள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு தேவிகாபுரம் போனாள். அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தாள். இரண்டு பேரும் தோட்டத்துப் பக்கம் போய்க் கிணற்றடியில் பேசினார்கள். என்னைக் கன்றுக்குட்டியோடு விளையாடச் சொல்லிவிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அத்தை அழுதுகொண்டிருந்தாள், அம்மா அழவில்லை. சங்கிலி வந்தால்தான் வருவேன் என்றவள், சங்கிலி இல்லாத கழுத்தோடு அடுத்த பஸ்ஸுக்கே எங்களோடு கிளம்பினாள். இவ்வளவு சுலபமாக வருகிறவள் முதலிலேயே வந்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது.

பஸ்ஸில் மாமாவின் குழந்தை அம்மாவின் மடியில் தூங்கியது. அம்மா அதன் உள்ளங்காலைத் தடவிக்கொண்டே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது.

"அம்மா, அந்த நீல நாடா சட்ட எந்த பொம்மையோடது?"

அத்தை சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"இருந்துச்சு ஒண்ணு" என்றாள் அம்மா.

"எந்த பொம்மன்னு கேட்டா, இருந்துச்சுன்னு சொல்றியே" என்று கோபித்துக்கொண்டேன். அவள் குழந்தையின் காலைத் துணியால் மூடிவிட்டாள். சொல்லாவிட்டால் போகட்டும், நானே கண்டுபிடித்துக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன்.

அம்மா தெருக்குழாய்க்குப் போன ஒரு நேரம் பார்த்து, மறுபடியும் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டேன். முடிச்சு பழைய இடத்திலேயே இருந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு, பெட்டியின் மூலை வரை கைவிட்டுத் துழாவினேன். குடத்தோடு வந்த அம்மா, அறை முழுக்கப் புடவைகள் கிடப்பதைப் பார்த்து நின்றாள். முதுகில் ஒன்று விழும் என்று எதிர்பார்த்தேன்.

"இன்னா தேடற?"

"அந்தப் பொம்மைய."

அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு புடவையாக எடுத்து, உதறி, மடிப்புக்குள் தானும் பார்த்து, மடித்து உள்ளே வைத்தாள். கடைசிப் புடவை வரை இரண்டு பேரும் சேர்ந்து தேடினோம். அது கிடைக்கவில்லை. யாரோ கேட்டார்கள் என்று எடுத்துக் கொடுத்துவிட்டு, எனக்குச் சொல்லப் பயப்படுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.